போர்டக்காவின் ஒற்றை மணி

போர்டக்காவுக்குக் கோபம் எப்போதும் மூக்கு நுனியில்தான் இருக்கும். அன்றைக்கு அது காலையிலேயே நாக்குக்கு இறங்கிவிட்டது. ஆபீசுக்குள் வந்து கைப்பையை மாட்டித் திரும்பிப் பார்த்தால், மேசைமேல் இருந்த பழைய டெலிபோனைக் காணோம். அது இருந்த இடத்தில் தூசி மட்டும் சதுரமாக மிச்சமிருந்தது. பக்கத்தில் ஓர் அட்டைப்பெட்டி. மேசைக்கடியில் தொப்பையோடு ஒருவர் முட்டி போட்டு எதையோ துழாவிக்கொண்டிருந்தார்.

"யாருப்பா அது? என் போன் எங்கே?"

"டெக்னீஷியன்க்கா. எல்லாருக்கும் புது செட் மாத்துறோம். பழசையெல்லாம் மூட்டை கட்டி வேன்ல ஏத்தியாச்சு."

"என்னை ஒரு வார்த்தை கேக்காம யாரு ஏத்தச் சொன்னது?"

"தலைமை ஆபீஸ்" என்று மேசைக்கடியிலிருந்து பதில் வந்தது. அதற்கு மேல் யாரிடம் சண்டை போடுவது?

போன் போனதற்கா இவ்வளவு ஆத்திரம் என்று கேட்பீர்கள். கேட்கலாம், தப்பில்லை. ஆனால் அந்தப் போன் அவளுக்கு என்னவாக இருந்தது என்று தெரிந்தால் நீங்களும் டெக்னீஷியனை முறைத்திருப்பீர்கள்.

அது லாரியிலும் வேனிலும் பார்சல் அனுப்புகிற கம்பெனி. அவள் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் வாசலுக்கு நேராக ஒரு மரப்பலகை நின்றது, உடம்பெல்லாம் துளையும் வயருமாக. வெளியிலிருந்து வருகிற அழைப்பை ஒரு துளையில் வாங்கி இன்னொரு துளையில் செருகிக் கொடுப்பது அவள் வேலை. போர்டில் உட்கார்ந்தவள் போர்டக்கா ஆனாள். பிறகு போர்டு போயிற்று, பித்தான் வைத்த பெட்டி வந்தது, அதுவும் போயிற்று. பெயர் மட்டும் போகவில்லை. இன்றைக்கும் முன்மேசை அவளுடையதுதான். யாருடைய பார்சல் எங்கே நிற்கிறது, எந்த வாடிக்கையாளர் கத்துவார், எவர் அழுவார் என்று மூச்சுக்காற்றிலேயே கண்டுபிடித்துவிடுவாள்.

கணவரும் போன் வழியாகக் கிடைத்தவர்தான். அதே கம்பெனியின் லாரி டிரைவர். போகிற வழியில் எங்கே நிற்கிறோம் என்று சாயங்காலம் ஆபீசுக்குச் சொல்ல வேண்டும் என்பது விதி. மற்ற டிரைவர்கள் ஊர்ப்பெயரைச் சொல்லிவிட்டு வைத்துவிடுவார்கள். இவர் வைக்க மாட்டார். இங்கே மழை, டயர் பஞ்சர், கிளீனர் குறட்டை, டீ வாயில் வைக்க முடியவில்லை என்று போய்க்கொண்டே இருக்கும். "சரி, வெச்சிடுங்க, மத்த லைன் காத்திருக்கு" என்பாள் இவள். "இதோ வெச்சிட்டேன்" என்பார், வைக்க மாட்டார். அப்படி வைக்காமல் வைக்காமலே பேச்சு கல்யாணத்தில் போய் முடிந்தது.

அவ்வளவு பேசின மனுஷனுக்குப் பக்கவாதம் வந்து, வலது கையோடு பேச்சையும் சேர்த்துக் கொண்டுபோய்விட்டது. புத்தி தெளிவாக இருந்தது, காது கேட்டது, கம்பை ஊன்றி வீட்டுக்குள் நடந்தார். வார்த்தைதான் வரவில்லை. அவள் மறுபடி வேலைக்குப் போன முதல் நாள், மதியம் வீட்டிலிருந்து போன் வந்தது. எடுத்தாள். அந்தப் பக்கம் ஒரு சத்தம். பேச்சும் இல்லை, அழுகையும் இல்லை, இரண்டுக்கும் நடுவில் ஏதோ ஒன்று. அந்தச் சத்தம் அவர் காதிலும் விழுந்திருக்க வேண்டும். படாரென்று வைத்துவிட்டார். சாயங்காலம் அவள் முகத்தையே அவர் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு வீட்டில் மணி அடித்தாலும் எடுப்பதில்லை. அடித்து அடித்து ஓயும், பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார்.

அப்போதுதான் ஓர் ஏற்பாடு செய்தாள். பெரிய பித்தான் வைத்த போன் ஒன்று வாங்கி, சிவப்புப் பித்தானை அழுத்தினால் நேராக அவள் மேசைக்கு மணி அடிக்கும்படி செய்து வைத்தாள். சாப்பிட்டு, மாத்திரை போட்டு, நன்றாக இருந்தால் ஒரே ஒரு மணி. உடனே வைத்துவிட வேண்டும். போனின் திரையில் வீட்டு நம்பரைப் பார்த்தால் அவள் எடுக்க மாட்டாள், அவர் பேச வேண்டாம். உடம்புக்கு ஏதாவது என்றால் வைக்கக் கூடாது. மணி நிற்காமல் அடித்தால் அவள் ஓடி வருவாள். அவ்வளவுதான் கணக்கு.

தினமும் மதியம் அந்த ஒற்றை மணி வரும். ஆபீசில் யாரும் அதைத் தொட மாட்டார்கள். அது வந்த பிறகுதான் போர்டக்கா தன் சாப்பாட்டு டப்பாவைத் திறப்பாள். கைபேசி இருக்கிறதே என்று சொல்லாதீர்கள். யாரோ ஒரு புண்ணியவான் உள்ளே பார்சலைப் படம் பிடித்து ஊரெல்லாம் அனுப்பியதிலிருந்து, எல்லார் கைபேசியும் வாசல் காவலாளியின் பெட்டிக்குள்தான். மேசைமேல் இருந்த அந்தப் பழைய டெலிபோன்தான் அவளுக்கும் வீட்டுக்கும் நடுவில் இருந்த ஒரே கயிறு.

புதுப் போன் எழுந்து நிற்பதற்குள் அவள் உயிர் போய் உயிர் வந்தது. முதலில் விளக்கே எரியவில்லை. டெக்னீஷியன் சுவரைக் குறை சொன்னார், கரண்டைக் குறை சொன்னார், அவளுடைய கம்ப்யூட்டருக்கு வயசாகிவிட்டது என்றார். கடைசியில் பார்த்தால் போனின் முதுகில் இரண்டு ஓட்டை, ஒன்று சுவருக்கு, ஒன்று கம்ப்யூட்டருக்கு. மாற்றிச் செருகியிருந்தார். சரியாகச் செருகியபோது வயர் எட்டவில்லை. நீளமான வயரை எடுத்து, நடைபாதைக்குக் குறுக்கே தரையோடு தரையாக இழுத்து விட்டார்.

"தம்பி, இது இப்படிக் கிடந்தா யாராவது தடுக்கி விழப்போறாங்க."

"மேலே டேப் ஒட்டிடுவாங்கக்கா."

"யாரு ஒட்டுவாங்க?"

"அதுக்கு வேற ஆளு வருவாரு."

அந்த வேற ஆளுக்காக அந்த வயர் இன்னும் எத்தனை யுகம் காத்திருக்குமோ என்று நினைத்துக்கொண்டாள். அதற்குள் மேனேஜர் வந்து, பெட்டியிலிருந்த துண்டுப்பிரசுரத்தை எல்லாருக்கும் உரக்கப் படித்தார். போனை ஈரத்துணியால் துடைக்கக் கூடாது. பக்கத்தில் தண்ணீர் பாட்டில் வைக்கக் கூடாது. ரிசீவரைத் தோளுக்கும் கழுத்துக்கும் நடுவில் இடுக்கிப் பேசக் கூடாது, கழுத்து பிடித்துக்கொள்ளும். நடக்கிற வழியில் வயர் கிடக்கக் கூடாது. கடைசி வரியைப் படிக்கும்போது அவருடைய இடது கால் அந்த வயரின் மேல்தான் இருந்தது. போர்டக்கா அவர் காலைப் பார்த்தாள், அவர் முகத்தைப் பார்த்தாள். எருமை மாட்டு மேல் மழை பெய்த மாதிரி அவர் போய்விட்டார்.

மதியம் வந்தது. ஒற்றை மணி வரவில்லை.

டப்பாவை வெளியே எடுத்தாள், திறக்கவில்லை. ஒருவேளை தாமதமாகச் சாப்பிடுகிறாரோ. இன்னும் கொஞ்ச நேரம். இன்னும் கொஞ்ச நேரம். கிளம்பத் தயாராகிக்கொண்டிருந்த டெக்னீஷியனைப் பிடித்தாள்.

"வெளியில இருந்து கூப்பிட்டா என் மேசைக்கு மணி அடிக்குமா, அடிக்காதா?"

"அடிக்கும்க்கா. ஆனா முதல்ல ரெக்கார்டிங் பேசும். வணக்கம், இந்த நம்பரை அழுத்துங்க, அந்த நம்பரை அழுத்துங்கன்னு. எதையும் அழுத்தலேன்னா ரெண்டு தடவை பேசி முடிச்சிட்டு உங்களுக்கு வரும்."

வீட்டில் அவர் பித்தானை அழுத்தியிருப்பார். முதல் மணிக்கு முன்னாலேயே எவளோ ஒரு பெண் வணக்கம் சொல்லியிருப்பாள். யாராவது பேசினால் வைத்துவிடுவதுதான் அவர் வழக்கம். வைத்திருப்பார். நன்றாக இருந்தாலும் இங்கே சத்தம் இல்லை, கீழே விழுந்து கிடந்தாலும் இங்கே சத்தம் இல்லை. பக்கவாதம் இன்னொரு தடவை வந்தால் தாங்க மாட்டார் என்று டாக்டர் சொன்னது அவளுக்கு மறக்கவே மறக்காது.

எதிர்வீட்டுக்காரியைக் கூப்பிடலாமென்று புதுப் போனை எடுத்தால், 'வெளி அழைப்புக்கு அனுமதி இல்லை' என்று அதுவும் ஒரு பாட்டுப் பாடியது. வாசலுக்கு ஓடி, காவலாளியிடம் கெஞ்சிக் கைபேசியை வாங்கினாள். எதிர்வீட்டுக்காரி எட்டிப் பார்த்துவிட்டு வந்து சொன்னாள்: "நல்லாத்தான் உக்காந்திருக்காரு. மூஞ்சியைத்தான் உர்ருனு வெச்சிருக்காரு. நான் நாளைக்குப் பொண்ணு வீட்டுக்குக் கிளம்புறேன்க்கா, வர ஒரு வாரம் ஆகும், சொல்லிட்டேன்."

சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் அவர் இடது கையால் போனைக் காட்டி, வாயருகே விரல்களைப் படபடவென்று ஆட்டிக் காட்டினார். எவளோ பேசுகிறாள் என்று அர்த்தம். பிறகு கையை வெட்டினார். வைத்துவிட்டேன் என்று அர்த்தம்.

"அவ பேசட்டுமேங்க! மெஷின்தானே, உங்களைக் கடிச்சா தின்னுடப்போறா? ரெண்டு தடவை பேசி முடிப்பா. அப்புறம் மணி அடிக்கும். ஒண்ணு கேட்டதும் வெச்சிடுங்க." கைபேசியில் ஆபீசைக் கூப்பிட்டு, ஒலியைக் கூட்டி, அவர் காதுக்குப் பக்கத்தில் பிடித்தாள். நுனி நாக்கில் ஒரு பெண் கிளி மாதிரி ஒப்பித்தாள். முதல் வாக்கியத்திலேயே அவர் முகத்தைச் சுளித்துத் தலையைத் திருப்பிக்கொண்டார். முன்பின் தெரியாத பெண் பேசுவதைக் கேட்டுக்கொண்டு, பதில் சொல்ல வாய் இல்லாமல் உட்கார்ந்திருப்பது அவருக்கு எவ்வளவு கூச்சம் என்று அவளுக்குப் புரிந்தது. புரிந்து என்ன செய்ய?

மறுநாள் காலை மேனேஜர் அறைக்குப் போனாள். "சார், முதல்ல என் மேசைக்கு அடிக்கட்டும். நான் எடுக்கலேன்னா அப்புறம் மெஷின் பேசட்டும். இதை மாத்திக் கொடுங்க."

"நம்ம கையில இல்லக்கா. தலைமை ஆபீஸ்ல உதவி மையம்னு ஒண்ணு இருக்கு. அங்க சொல்லுங்க."

புதுப் போனில் கம்பெனி லைன் வழியாக உதவி மையத்தைக் கூப்பிட்டாள். மெஷின் எடுத்தது. புகார் எண்ணை அழுத்தச் சொன்னது. புகார் எண் எங்கே கிடைக்கும்? புகார் கொடுத்தால் கிடைக்கும். புகாரை எங்கே கொடுப்பது? புகார் எண்ணை அழுத்தினால் கொடுக்கலாம். ரிசீவரை வைத்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். கடைசியில் கம்ப்யூட்டர் வழியாக எழுதி அனுப்பினாள். பதிலுக்கு, 'தங்கள் கோரிக்கை பரிசீலனையில் உள்ளது' என்று வந்தது. கிணற்றில் போட்ட கல்தான்.

அன்று மதியமும் மணி வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. டப்பாவைத் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டுபோனாள். எதிர்வீட்டிலோ பூட்டு தொங்கியது. சாயங்காலம் கதவைத் திறக்கிற ஒவ்வொரு தடவையும், உள்ளேயிருந்து கம்பு தரையில் தட்டுகிற சத்தம் கேட்கிறவரைக்கும் அவளுக்கு மூச்சே வராது.

இதற்கு நடுவில் வாடிக்கையாளர்களும் கொதித்துப்போயிருந்தார்கள். ரெக்கார்டிங்கைக் கேட்டதும் பாதிப் பேர் வைத்துவிடுகிறார்கள், மீதிப் பேர் நேரில் வந்து மேசையைக் குத்துகிறார்கள். மேனேஜருக்கு ஒரு யோசனை உதித்தது.

"அக்கா, உங்க குரல்தான் எல்லாருக்கும் பழக்கம். அந்த வணக்கத்தை நீங்களே பேசிடுங்க. அதை மாத்துறதுக்கு மட்டும் நமக்கு அனுமதி இருக்கு."

"வேண்டியதை மாத்த அனுமதி இல்லை, இதுக்கு மட்டும் இருக்கா?"

"பேசுங்கக்கா, புண்ணியமாப் போகும்."

மேனேஜர் எழுதிக் கொடுத்ததை ரிசீவரில் படித்தாள். 'தங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியமானது' என்கிற இடத்தில் வெளியே லாரி ஹாரன் அடித்தது. மறுபடி. இந்தத் தடவை கிடங்கில் யாரோ பெட்டியைப் போட்டு உடைத்தார்கள். மறுபடி. மேனேஜரே தும்மினார். காகிதத்தைத் தூக்கிப் போட்டாள். போர்டில் உட்கார்ந்திருந்த காலத்தில் பேசின மாதிரி, தன் போக்கில், ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள்:

"வணக்கம், பார்சல் ஆபீசுங்க. யாரு வேணுமோ அவங்க நம்பரை அழுத்துங்க. தெரியலேன்னா பரவாயில்லை, லைன்லயே இருங்க. நான் எடுக்குறேன். வெச்சிடாதீங்க."

ஹாரனும் அடிக்கவில்லை, பெட்டியும் உடையவில்லை. மேனேஜர் அலுத்துப்போய் அதையே போட்டுவிட்டார்.

மறுநாள் மதியம் டப்பா மேசைமேல் மூடியபடி இருந்தது. போன் அடித்தது. சின்னத் திரையில் வீட்டு நம்பர்.

அப்பாடா என்று மூச்சு விட்டாள். கற்றுக்கொண்டுவிட்டார். இரண்டு தடவையும் காத்திருந்து அழைத்துவிட்டார்.

மணி நிற்கவில்லை.

இரண்டாவது அடித்தது. மூன்றாவது அடித்தது. நிற்கவே இல்லை. பக்கத்து மேசைக்காரர்கள் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள். அவர்களுக்கும் அந்தக் கணக்கு தெரியும். ரிசீவரை எடுத்தாள்.

"என்னங்க? என்னங்க ஆச்சு?"

மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது.

"இதோ வந்துட்டேன்" என்று கத்திவிட்டு எழுந்து ஓடினாள். ஓடினவளின் கால் அந்த வயரில் மாட்டியது. முகம் குப்புற விழுந்தாள். பின்னாலேயே புதுப் போன் மேசையிலிருந்து இழுபட்டு வந்து தரையில் மோதியது. முட்டி சிராய்த்து ரத்தம் கசிந்தது.

"போனு, போனு!" என்று மேனேஜர் பதறினார்.

"போனுக்குத்தான் கவலை! இந்த வயரைப் பத்தி நான் அன்னைக்கே சொன்னேனே, யாராவது காதுல வாங்குனீங்களா?" என்று நொண்டிக்கொண்டே வெளியே ஓடினாள். கிளம்பிக்கொண்டிருந்த டெலிவரி வேனை மறித்து ஏறினாள். வேன் டிரைவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை, அடித்து ஓட்டினார். வழியெல்லாம் அவள் வாய்விட்டுத் திட்டிக்கொண்டே வந்தாள்: தலைமை ஆபீசை, மெஷினை, மேனேஜரை, வேலைக்குப் போன தன்னையே. திட்டுவதை நிறுத்தினால் அழுதுவிடுவோம் என்று பயந்தாள்.

கதவைத் திறந்தாள்.

அவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தட்டு காலியாக இருந்தது, மாத்திரை போட்டாயிற்று. ரிசீவர் காதில். வாயின் ஒரு பக்கம் மட்டும் சிரித்தது. அந்தப் பக்கம்தான் இப்போது சிரிக்கும்.

"என்ன பண்ணுதுங்க? நெஞ்சு வலிக்குதா? தலை சுத்துதா?"

இல்லையென்று தலையை ஆட்டினார். அவள் முட்டியைப் பார்த்ததும் அவர் சிரிப்பு போய்விட்டது. ரிசீவரை அவளிடம் நீட்டி, சிவப்புப் பித்தானை மறுபடி அழுத்தினார். அவள் காதில் வைத்தாள்.

"...தெரியலேன்னா பரவாயில்லை, லைன்லயே இருங்க. நான் எடுக்குறேன். வெச்சிடாதீங்க."

அவர் அவளுடைய வாயைச் சுட்டிக் காட்டினார். பிறகு தன் காதைத் தொட்டார். பிறகு, நீதானே சொன்னாய் என்கிற மாதிரி கையை விரித்தார்.

"அடக் கடவுளே! அது ஊருக்குச் சொன்னதுங்க, உங்களுக்கா சொன்னேன்?" என்று கத்தினாள். கத்தின கையோடு அழுகை வந்துவிட்டது. முட்டி எரிந்தது, பசித்தது, எல்லாவற்றுக்கும் சேர்த்து அழுதாள். அவர் இடது கையால் அவள் தலையைத் தடவினார்.

அழுது ஓய்ந்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. அவருக்குப் பேசத்தான் கூச்சம், அவள் குரலைக் கேட்க என்ன கூச்சம்? அவரால் பேச முடியவில்லை என்பதற்காக அவளும் இத்தனை நாள் அந்தப் போனில் வாயைத் திறக்கவில்லை. தினமும் மதியம் அவர் தனியாக ஒரு மணியைக் கேட்டுவிட்டு வைத்திருக்கிறார். இப்போது ஒரு மெஷின் அவள் குரலைக் கொண்டுவந்து கொடுத்ததும், மனுஷன் வைக்க மனசில்லாமல் உட்கார்ந்திருக்கிறார்.

"நாளையிலேருந்து நான் எடுப்பேன்" என்றாள். "நீங்க ஒண்ணும் பேச வேணாம். நான் பேசுறேன். நல்லா இருந்தா ரிசீவர்ல ஒரு தட்டு தட்டுங்க. ஏதாவதுன்னா நிறுத்தாம தட்டுங்க. சரியா?"

அவர் யோசித்தார். பிறகு நாற்காலிக் கையில் ஒரு தட்டு தட்டினார்.

மறுநாள் ஆபீசுக்குப் போனால், வயரின் மேல் மஞ்சள் டேப் பளபளவென்று ஒட்டியிருந்தது. விழுந்த பிறகு எவ்வளவு சீக்கிரம் வருகிறது பாருங்கள். கம்ப்யூட்டரைத் திறந்தால் உதவி மையத்திலிருந்து ஒரு செய்தி: 'தங்கள் புகார் வெற்றிகரமாகத் தீர்க்கப்பட்டது.' யார் தீர்த்தார்கள், எதைத் தீர்த்தார்கள் என்று கேட்டு எழுதினாள். அதுவும் பரிசீலனைக்குப் போய்விட்டது. புதுப் போனின் மூலையில் ஒரு கீறல் விழுந்திருந்தது, அதைப் பார்த்து மேனேஜர் ஒரு பெருமூச்சு விட்டார். அவள் கண்டுகொள்ளவில்லை.

மதியம் மணி அடித்தது. திரையில் வீட்டு நம்பர். ரிசீவரைக் கழுத்தில் இடுக்கப் போனவள், பிரசுரம் ஞாபகம் வந்து கையிலேயே பிடித்துக்கொண்டாள். வணக்கமெல்லாம் சொல்லவில்லை. மேனேஜர் நேற்றுப் போனுக்காகப் பதறியது, உதவி மையத்தின் லட்சணம், டேப்பின் நிறம், முட்டியில் மருந்து போட்டபோது எரிந்தது, ஒரு வாடிக்கையாளர் பார்சலைக் காணோமென்று வந்து தன் கையிலேயே வைத்திருந்தது என்று கொட்டித் தீர்த்தாள். அந்தப் பக்கம் மூச்சு மட்டும். நடுவில் ஒரு தடவை அது சிரிப்பு மாதிரி இழுத்தது.

"சாப்பிட்டீங்களா? மாத்திரை போட்டீங்களா?"

டொக். ஒரே ஒரு தட்டு.

அவள் ஒரு கையால் டப்பாவைத் திறந்தாள். திரையில் வேறொரு நம்பர் மின்னியது.

"சரி, வெச்சிடுங்க, மத்த லைன் காத்திருக்கு" என்றாள்.

அவர் வைக்கவில்லை.